மேகத்தின் பின்னே நடந்தவர்

ஓரேப் மலையடிவாரத்திலிருந்து புறப்பட்டுச் சேயீர் மலைவழியாகச் சென்றால், கானான் நாட்டின் தென்புறத்தேயுள்ள காதேஸ்பர்னேயாவை அடையப் பதினொரு நாட் பயணம் போதும். உபாகமத்தின் தொடக்கத்திலே, போகிற போக்கிற் சொல்லிவைத்ததுபோல இந்தக் கணக்கு வருகின்றது. அதற்கு அடுத்த வசனத்திலேயே நாற்பதாம் வருடம் என்ற செய்தி வருகின்றது. பதினொரு நாள் எங்கே, நாற்பது வருடம் எங்கே! இவ்விரண்டுக்கும் இடையே விரிந்து கிடக்கும் வனாந்தரத்திலேதான் மோசேயின் பிற்கால வாழ்வு முழுவதும் கழிந்தது.

யூதர் அவரை மோஷே என்பர். கிறித்தவர் மோசே என்பர். இஸ்லாமியர் மூஸா நபி எனப் போற்றுவர். திருக்குர்ஆனிலே மிகுதியாகப் பெயர் சொல்லப்படும் மனிதர் அவரே. மூன்று சமயத்தாரும் கொண்டாடும் இப்பெரியாரை அடிமைத்தளை நீக்கிய தலைவர் என்றும், சட்டம் வகுத்துத் தந்த ஞானி என்றும் உலகம் புகழ்கின்றது. அப்புகழுக்கு அவர் உரியவரே. ஆயினும், அவர் சரிதத்தை ஊன்றிப் படிப்போர்க்கு வேறொரு மோசே தென்படுவார். போய்ச்சேர வேண்டிய நாட்டைக் காட்டிலும் கூடவரும் துணையைப் பெரிதென மதித்த மோசே அவர். அவரைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

பிறக்கும் எபிரேய ஆண்மக்களையெல்லாம் நைல் நதியில் எறியும்படி பார்வோன் ஆணையிட்டிருந்த காலத்திலே, லேவி கோத்திரத்து அம்ராமுக்கும் யோகெபேத்துக்கும் மகனாகப் பிறந்தார் மோசே. மூன்று மாதம் ஒளித்து வளர்த்த தாய், இனி ஒளிக்க இயலாதென்று கண்டதும், நாணற்பெட்டியொன்று செய்து, அதற்குப் பிசினும் கீலும் பூசி, பிள்ளையை உள்ளே கிடத்தி நதியோரத்து நாணலிடையே வைத்தாள். தமக்கை தூரத்தே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நீராட வந்த பார்வோனின் மகள் பிள்ளையைக் கண்டெடுத்தாள். பாலூட்டுவதற்குக் கூலி பேசி அமர்த்தப்பட்டவளோ பெற்ற தாயே! நீரினின்று வெளியே எடுக்கப்பட்டவர் என்ற கருத்தோடு அவர் பெயரை எபிரேயர் தொடர்புபடுத்துவர். எகிப்திய மொழியிலோ பிள்ளை என்ற பொருள்படும் சொல் அப்பெயரில் ஒலிக்கின்றது. துத்மோசே, ராமசேஸ் முதலிய அரசர் பெயர்களிலும் அச்சொல்லே ஒட்டிக்கொண்டிருக்கின்றது. இரு மொழிக்கும் இடையே பிறந்த பெயர், இரு வீட்டுக்கும் இடையே வளர்ந்த பிள்ளைக்கு வாய்த்தது.

வளர்ந்த பின்னர், தம் இனத்தானொருவனை அடித்த எகிப்தியனைக் கொன்று மணலிற் புதைத்தார். செய்தி வெளியாயிற்று. பார்வோனுக்கு அஞ்சி மீதியான் தேசத்துக்கு ஓடி, அங்கே ஆசாரியராயிருந்த எத்திரோவின் மகள் சிப்போராளை மணந்து, மாமனாரின் ஆடுகளை மேய்த்தார். ஓடியபோது அவருக்கு வயது நாற்பது என்றும், மேய்ப்பராகக் கழித்த காலம் இன்னுமொரு நாற்பதாண்டு என்றும் புதிய ஏற்பாட்டிலே அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். அரண்மனை கற்பித்ததை மறக்க அத்தனை காலம் வேண்டியிருந்ததோ என்னவோ! ஒன்று மட்டும் உறுதி. நீர் எங்கே கிடைக்கும், புல் எப்போது முளைக்கும், ஆடு எங்கே வழிதவறும் என்பவற்றையெல்லாம் கற்றது அப்பாலையிலேதான்.

வரலாற்றாசிரியர்கள் மோசேயின் காலத்தைப் பற்றி ஒருமுகமான முடிவுக்கு வந்திலர். கி. மு. 13 ஆம் நூற்றாண்டிலே, இரண்டாம் ராமசேஸ் ஆண்ட காலத்தை ஒட்டி வைப்பவர் பலர். அதற்கு இருநூறு ஆண்டு முந்தியது என்பாரும் உளர். இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறியதைச் சொல்லும் எகிப்தியச் சாசனம் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. இஸ்ரவேல் என்ற பெயரைத் தாங்கிய மிகப் பழைய சாசனமோ ராமசேஸின் மகன் மெர்னெப்தாவின் வெற்றிக்கல்லாகும். 1896 ஆம் ஆண்டிலே பிளிண்டர்ஸ் பெற்றி என்ற ஆங்கில ஆய்வாளர் தீப்ஸ் நகரத்து இடிபாடுகளிடையே அதனைக் கண்டெடுத்தார். கி. மு. 1208 ஆம் ஆண்டளவிலே அப்பெயருடைய மக்கள் கானானில் இருந்தனர் என்பதற்கு மேல் அக்கல் எதையும் சொல்லவில்லை. ஆகையால் மோசேயின் சரிதத்தை அறிய விரும்புவோர் ஐந்து ஆகமங்களையே நாடவேண்டியவராவர்.

ஓரேப் மலைச்சாரலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருநாள், முட்செடியொன்று தீப்பற்றி எரிவதைக் கண்டார். தீ எரிந்தது, செடி கருகவில்லை. பாலைவனத்தில் முட்செடி எரிவது புதுமையன்று, கருகாமலிருப்பதே புதுமை. அதனை நின்று பார்க்க ஒருவருக்குப் பொறுமை வேண்டும். பார்க்கத் திரும்பியவரைக் கடவுள் பெயர்சொல்லி அழைத்தார். மிதியடியைக் கழற்றச் சொன்னார். எகிப்துக்குத் திரும்பிச் சென்று அடிமைப்பட்ட மக்களை அழைத்து வரும்படி கட்டளையிட்டார். அதற்குத் தாம் எம்மாத்திரம் என்று மோசே பின்வாங்கினார். அவ்வினாவுக்கு விடையாக அவருடைய தகுதியைப் பற்றி ஒரு சொல்லேனும் சொல்லப்படவில்லை. தாம் அவரோடுகூட இருப்பதாக வாக்களித்ததே விடை. பின்னர் மோசே கடவுளின் திருநாமத்தைக் கேட்டபோது வந்த மறுமொழியிலும், அவ்வாக்குறுதியில் வந்த எபிரேயச் சொல்லே மீண்டும் வருகின்றது. இருத்தலைக் குறிக்கும் சொல் அது. திருநாமமும் கூடவிருப்பதும் ஒரே சொல்லில் அடங்கியதைப் படிப்பவர் கவனிக்கவேண்டும். பிற்பாடு நடந்த அனைத்துக்கும் வித்து அங்கேதான் விழுந்தது.

எகிப்தின் மேல் வந்த பத்து வாதைகளையும், பஸ்கா இரவையும் வாசகர் நன்கறிவர். பார்வோனின் முன் நின்றபோது மோசேயின் வயது எண்பது; தமையன் ஆரோனுக்கு எண்பத்து மூன்று.

புறப்பட்ட கூட்டத்தைக் கடவுள் நேர்வழியே நடத்தவில்லை. எகிப்திலிருந்து கானானுக்குக் கடலோரமாகச் செல்லும் சாலையே குறுகியது. ஆனால் அச்சாலையிலே எகிப்தியக் காவற்கோட்டைகள் வரிசையாக நின்றன. பார்வோன் முதலாம் சேத்தி கர்நாக் ஆலயச் சுவரிலே செதுக்குவித்த சிற்பங்களில் அக்கோட்டைகளை இன்றும் காணலாம். போரைக் கண்டால் மனந்தளர்ந்து எகிப்துக்கே திரும்பிவிடுவர் என்பதற்காகவே சுற்றுவழி தெரிந்தெடுக்கப்பட்டதாக யாத்திராகமம் கூறும். அடிமைகளின் நெஞ்சத்தை அறிந்த வழிகாட்டலன்றோ அது!

வனாந்தரத்தின் ஓரத்திலுள்ள ஏத்தாமிலே அவர்கள் பாளயமிறங்கிய செய்தியோடுதான் மேகத்தூணும் அக்கினித்தூணும் முதன்முறையாகச் சொல்லப்படுகின்றன. பகலிலே மேகத்தூணாக முன் சென்று வழிகாட்டியதும், இரவிலே அக்கினித்தூணாக நின்று வெளிச்சம் தந்ததும் ஒன்றே. ஊரும் சாலையும் உள்ள இடத்தில் அது தோன்றவில்லை. பாதை முடிந்து மணல் தொடங்கும் இடத்திலே தோன்றியது. கடற்கரையிலே முன்னே நீரும் பின்னே பார்வோனின் தேர்ப்படையுமாக மக்கள் அகப்பட்டபோது, அத்தூண் முன்னிருந்து பின்னுக்கு நகர்ந்தது. இரு சேனைகளுக்கும் நடுவே நின்று ஒருபுறம் இருளாகவும் மறுபுறம் ஒளியாகவும் இரா முழுவதும் இருந்தது. வழிகாட்டி என்பவர் எப்போதும் முன்னே செல்பவர் என்றே நினைக்கின்றோம். அன்றிரவு வழிகாட்டியின் இடம் பின்புறமாயிற்று.

கடலைக் கடந்த மகிழ்ச்சி மூன்றே நாள் நிலைத்தது. மாராவிலே நீர் கசந்தது; முறுமுறுத்தார்கள். ஏலிமிலே பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்சமரமும் இருந்தன. முறுமுறுக்கவில்லை, நன்றி சொன்னதாகவும் செய்தியில்லை. சீன் வனாந்தரத்திலே இறைச்சிப் பானைகளை நினைத்து ஏங்கினார்கள். மாலையிலே காடைகள் வந்து பாளயத்தை மூடின. காலையிலே பனி நீங்கியதும் உறைபனிபோல் மெல்லிய மன்னா தரையிற் கிடந்தது. தலைக்கு ஓர் ஓமர் அளவு. ஆறாம் நாளிலே இரட்டிப்பு. மறுநாளைக்கென்று சேர்த்துவைத்தால் புழுத்துப்போகும். 1927 ஆம் ஆண்டிலே எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திலிருந்து சீனாய்க்குச் சென்ற பொடன்ஹைமர் என்ற பூச்சியியல் அறிஞர், அங்குள்ள சவுக்கையொத்த ஒருவகை மரத்தில் வாழும் சிறுபூச்சிகள் கசியவிடும் இனிப்புத் துளிகளே மன்னா என்று விளக்கினார். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் காடைக் கூட்டங்கள் சீனாய் வழியே பறந்து செல்வதும், கடல் கடந்த களைப்பில் தரையில் வீழ்வதும் இயற்கையே. இவ்விளக்கங்களைக் கேட்டு நம்பிக்கையுள்ளோர் கலங்கவேண்டுவதுமில்லை, நம்பிக்கையில்லாதோர் களிக்கவேண்டுவதுமில்லை. பசித்தவர்க்கு உரிய நேரத்தில் உணவு கிடைத்தது. நாளைக்கென்று பதுக்க இடமில்லாதவாறு கிடைத்தது. கதையின் உயிர் அங்கேயிருக்கின்றது.

ரெவிதீமிலே குடிக்க நீரில்லை. அங்கே மக்கள் கேட்ட வினா ஒன்று உண்டு. கடவுள் நம் நடுவில் இருக்கின்றாரா இல்லையா என்பதே அவ்வினா. மோசே கோலால் கன்மலையை அடிக்க நீர் பெருகியது. ஆயினும் அவ்விடத்துக்கு நீரின் பெயரை இடவில்லை. சோதனை என்றும் வாக்குவாதம் என்றும் பொருள்படும்படி மாசா, மெரிபா எனப் பெயரிட்டார். தூண் கண்முன் நின்றபோதும் கேட்கப்பட்ட வினா அது. தாகமெடுத்தவன் கண்ணுக்குத் தூண் தெரிவதில்லை.

மூன்றாம் மாதத்திலே சீனாய் மலையை அடைந்தார்கள். இன்று மோசே மலை எனப்படும் 2,285 மீற்றர் உயரமுள்ள சிகரமே அது என்பது நெடுங்கால மரபு. 6 ஆம் நூற்றாண்டிலே ஜஸ்டினியன் பேரரசன் கட்டுவித்த புனித கத்தரீன் மடம் அதன் அடிவாரத்தில் இன்றும் நிற்கின்றது. மலை புகைந்தது; எக்காளம் முழங்கியது; பத்துக் கட்டளைகள் அருளப்பட்டன. மோசே மேகத்துள் நுழைந்து நாற்பது பகலும் நாற்பது இரவும் அங்கேயிருந்தார்.

கீழேயிருந்தோருக்கு அந்நாற்பது நாள் மிக நீண்டதாயிற்று. மலையேறிய மனிதர் என்னவானார் என்று தெரியவில்லை. முன்னே செல்லக் கண்ணுக்குத் தெரியும் தெய்வமொன்று வேண்டுமென்று ஆரோனை நெருக்கினார்கள். ஆரோன் காதணிகளை வாங்கி உருக்கிப் பொற்கன்றொன்று வார்த்தார். வழிநடத்தத் தெய்வம் வேண்டுமென்று கேட்ட மக்கள், தாமே தூக்கிக்கொண்டு செல்லவேண்டிய தெய்வத்தைப் பெற்றுக்கொண்டார்கள். மலையினின்று இறங்கிய மோசே கற்பலகைகளை எறிந்து உடைத்தார். கன்றைச் சுட்டுப் பொடியாக்கி நீரிற் கலந்து அவர்களையே குடிக்கச் செய்தார். அன்று லேவியரின் வாளுக்கு ஏறத்தாழ மூவாயிரம் பேர் பலியாயினர். அப்பகுதியை நடுக்கமின்றிப் படிக்க என்னால் இயலவில்லை. ஆயினும் மறுநாளே அதே மோசே மீண்டும் மலையேறி, இம்மக்களை மன்னிக்காவிடிற் கடவுள் எழுதிய புத்தகத்திலிருந்து தம் பெயரையும் கிறுக்கிவிடும்படி மன்றாடினார் என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

இதன் பின் நடந்ததே அவர் வாழ்வின் நடுநாயகம். அதனைக் கடலைப் பிளந்த கதையின் அளவுக்கு யாரும் சொல்வதில்லை.

கடவுள் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். வாக்களித்த நாடு கிடைக்கும். தூதன் ஒருவன் முன்னே சென்று பகைவரைத் துரத்துவான். பாலும் தேனும் ஓடும் நாட்டிலே மக்கள் குடியேறலாம். ஆனால் தாம் அவர்கள் நடுவே வரப்போவதில்லை. வணங்காக்கழுத்துள்ள அம்மக்களோடு வந்தால் வழியிலே அவர்களை அழித்துவிட நேரும். ஆழ்ந்து நோக்கினால், இது தண்டனையின் உருவில் வந்த சலுகையென்றே தோன்றும். வேண்டியதெல்லாம் கிடைக்கின்றது. நாடு உண்டு, காவல் உண்டு, வெற்றி உண்டு. எந்நேரமும் நெஞ்சை அளந்துகொண்டு உடனிருக்கும் அந்தப் பரிசுத்தம் மட்டும் இல்லை. நாடாள விரும்பும் தலைவன் எவனும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளக்கூடிய ஏற்பாடு!

மோசே அதனை ஏற்கவில்லை. பாளயத்துக்குப் புறம்பே தூரத்தில் ஒரு கூடாரத்தைப் போட்டார். அவர் அங்கே நடந்து செல்லும்போதெல்லாம் மக்கள் தத்தம் கூடார வாசலில் எழுந்து நின்று, அவர் உட்புகும்வரை அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேகத்தூண் இறங்கி வாசலில் நிற்கும். நண்பனோடு பேசுவதுபோல் முகமுகமாய்க் கடவுள் அவரோடு பேசினார் என்கின்றது ஆகமம். அங்கேதான் வழக்காடினார். கடவுளின் சமுகம் கூடவராவிட்டால் தங்களை அவ்விடத்தைவிட்டு நகர்த்தவே வேண்டாம் என்றார். தாமும் தம் மக்களும் உலகத்திலுள்ள மற்றெல்லா மக்களினின்றும் வேறுபட்டவர் என்பதற்கு, அவர் கூடவருவதைத் தவிர வேறு அடையாளம் ஏது என்று வாதாடினார். அவருக்குக் கடவுள் இல்லாத கானானைக் காட்டிலும் கடவுள் உள்ள பாலைவனம் மேலானதாகப் பட்டது. மன்றாட்டு ஏற்கப்பட்டது.

அத்தோடு நிற்கவில்லை, கடவுளின் மகிமையைக் காண வேண்டுமென்றும் கேட்டுவிட்டார். முகத்தைக் கண்டு உயிரோடிருக்க ஒருவராலும் ஆகாது. ஆகையால் கன்மலையின் வெடிப்பிலே அவர் நிறுத்தப்பட்டார். மகிமை கடந்து செல்லும்போது கடவுளின் கரம் அவரை மூடியது. கடந்தபின் பின்புறத்தை மட்டும் கண்டார். கி. பி. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நீசா நகரத்துக் கிரகோரியார் மோசேயின் சரிதத்தை ஒரு நூலாக எழுதியவர். இவ்விடத்துக்கு அவர் தந்த விளக்கம் எளியது. பின்செல்பவனுக்கு வழிகாட்டியின் முதுகுதான் தெரியும். எதிரே வருபவனே முகத்தைக் காண்பான். எனவே பின்புறத்தைக் கண்டது குறையன்று, பின்பற்றுதலே காட்சி என்பது அவர் கருத்து. இத்தனை நூற்றாண்டு கழிந்தும் இதனினும் பொருத்தமான உரையை நான் கண்டிலேன்.

வாக்குறுதி கூடாரமாக உருப்பெற்றது. பெசலெயேல் என்ற கைவினைஞரின் தலைமையிலே, மக்கள் மனமுவந்து கொடுத்த பொன்னும் வெள்ளியும் இளநீலநூலும் ஆட்டுமயிரும் சீத்திம் மரமும் சேர்ந்து ஆசரிப்புக் கூடாரமாயின. எபிரேயத்திலே அதற்கு இரு பெயர் உண்டு. ஒன்று சந்திப்பின் கூடாரம் என்று பொருள்படும். 1995 ஆம் ஆண்டிலே வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு சந்திப்புக் கூடாரம் என்றே தமிழாக்கியுள்ளது. மற்றொன்று மிஷ்கான், அதாவது தங்குமிடம். அச்சொல்லின் வேரிலிருந்தே ஷெகினா என்ற சொல்லைப் பிற்கால யூத ஞானிகள் படைத்து, மனிதரிடையே தங்கும் இறைப் பிரசன்னத்தைக் குறித்தனர். இரண்டாம் வருடம் முதலாம் மாதம் முதலாம் நாளிலே கூடாரம் நிறுத்தப்பட்டது. மேகம் அதனை மூடியது, மகிமை நிரப்பியது. யாருடைய வேண்டுதலால் அது வந்ததோ அந்த மோசேயாலேயே உள்ளே செல்ல முடியவில்லை!

அதன்பின் மேகமே நாட்காட்டியாயிற்று. மேகம் எழும்பினாற் புறப்பாடு, தங்கினாற் பாளயம். சிலவேளை மாலைமுதற் காலைவரை மட்டும் தங்கும். சிலவேளை இரண்டு நாள், சிலவேளை ஒரு மாதம், சிலவேளை ஒரு வருடம். எண்ணாகமத்தின் ஒன்பதாம் அதிகாரம் இதையே திரும்பத் திரும்பச் சொல்லும். படிப்பவர்க்கு அலுப்புத் தட்டும். நடந்தவர்க்கும் அப்படித்தான் இருந்திருக்கும். முளையடித்து, கயிறிழுத்து, அடுப்பு மூட்டி, முதியோரைப் படுக்கவைத்த அன்றிரவே விடியுமுன் எழும்பச் சொன்னால் எப்படியிருக்கும்? நல்ல நிழலும் நீரும் உள்ள இடத்தில் ஒருநாள். வெட்டவெளியில் ஒரு வருடம். காரணம் சொல்லப்படுவதில்லை. அடுத்த தங்குமிடத்தின் பெயரும் முன்கூட்டி அறிவிக்கப்படுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீனாயைவிட்டுப் புறப்படும் வேளையிலே மோசே, மனைவி வழி உறவினராகிய ஓபாப் என்பவரைக் கூடவரும்படி கெஞ்சுகின்றார். ஓபாப் மீதியானியர், பாலைவனத்தில் எங்கே பாளயமிறங்கலாம் என்பதை அறிந்தவர். தங்களுக்குக் கண்களாக இருக்கும்படி அவரை வேண்டுகின்றார். தலைக்கு மேலே மேகம் நிற்க, மனிதன் ஒருவனின் கண்கள் எதற்கு? சிலர் இதனை மோசேயின் நம்பிக்கைக் குறைவென்பர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. புறப்படும் வேளையையும் தங்கும் வேளையையும் மேகம் காட்டியது. இந்தப் பள்ளத்தாக்கிலே எந்த மூலையில் நீர் ஊறும் என்பதை அங்கே பிறந்து வளர்ந்தவன் அறிவான். இதற்குமுன் மாமனார் எத்திரோ வந்து, காலைமுதல் மாலைவரை தனியே இருந்து வழக்குத் தீர்ப்பது உடலுக்கு ஒவ்வாதென்று சொல்லி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னபோதும் மோசே மறுப்பின்றிக் கேட்டார். கடவுளோடு முகமுகமாய்ப் பேசியவர் வேற்றினத்து மாமனாரின் யோசனையை ஏற்கக் கூசவில்லை. ஓபாப் முதலில் மறுத்தார். இறுதியில் என்ன சொன்னார் என்பதை ஆகமம் சொல்லவில்லை. ஆயினும் அக்குலத்தார் பின்னர் யூதா கோத்திரத்தாரிடையே குடியிருந்ததாக நியாயாதிபதிகள் ஆகமம் கூறுவதால், அவர் வந்தார் என்றே கொள்ளலாம்.

பயணம் தொடங்கிய சின்னாளிலேயே மன்னா சலித்துவிட்டது. எகிப்தின் மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் நினைவுக்கு வந்தன. குடும்பம் குடும்பமாக வாசலில் நின்று அழுதார்கள். இம்மக்களைச் சுமந்து செல்லத் தாமா இவர்களைப் பெற்றெடுத்தார் என்று மோசே கடவுளிடம் முறையிட்டார். இதைவிடத் தம்மைக் கொன்றுவிடுவதே தயவு என்றார். எழுபது மூப்பர்மேல் அவருடைய ஆவியிற் பங்கு வைக்கப்பட்டது. கூடாரத்துக்கு வராமற் பாளயத்திலேயே தங்கிவிட்ட எல்தாத், மேதாத் என்ற இருவரும் தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கினர். யோசுவா அவர்களைத் தடுக்கச் சொன்னபோது, மக்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகளானால் நன்றாயிருக்குமே என்று மோசே ஆதங்கப்பட்டார்.

காதேசிலே பதினொரு நாட் பயணம் முடிந்தது. பன்னிரண்டு பேர் நாற்பது நாள் கானானை வேவு பார்த்துத் திரும்பினர். ஒரு திராட்சைக் குலையை இருவர் தடியிற் சுமந்து வந்தனர். நாடு நல்லது, ஆனால் அங்குள்ளோர் முன் தாங்கள் வெட்டுக்கிளிகள் என்றனர் பத்துப் பேர். யோசுவாவும் காலேபும் மட்டும், கடவுள் கூடவிருப்பதாற் பயமில்லை என்றனர். மக்கள் அவ்விருவரைக் கல்லெறியப் பார்த்தனர். ஒரு நாளுக்கு ஓராண்டாக நாற்பதாண்டு அலைவர் என்றும், இருபது வயதுக்கு மேற்பட்டோர் அவ்விருவரையன்றி வனாந்தரத்திலேயே மடிவர் என்றும் தீர்ப்பு வந்தது. தீர்ப்பைக் கேட்டபின் மக்களுக்குத் திடீரென வீரம் பிறந்தது. விடியற்காலையில் எழுந்து மலையுச்சிக்குப் போருக்குப் புறப்பட்டனர். மோசே தடுத்தார், கேட்டாரில்லை. உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்தைவிட்டு அசையவில்லை. ஏறியவர்கள் ஓர்மாவரைக்கும் முறியடிக்கப்பட்டார்கள். நேற்று, கூடவிருப்பவரை நம்பாமற் போகமறுத்தவர்கள், இன்று கூடவராதபோது போகத் துணிந்தார்கள்.

பின்பு முப்பத்தெட்டு வருட மௌனம். எண்ணாகமத்தின் முப்பத்து மூன்றாம் அதிகாரத்திலே தங்குமிடங்களின் பெயர்ப் பட்டியல் உண்டு. எகிப்துமுதல் மோவாப் சமவெளிவரை நாற்பத்திரண்டு பயணங்கள் எனக் கணக்கிடுவர். அவற்றுட் பல வெறும் பெயர்களே. ஒரு தலைமுறை பிறந்த, மணந்த, மாண்ட இடங்களில் எஞ்சியது அவ்வளவுதான். ஆனால், தண்டனை பெற்றவர்கள் அலைந்த அவ்வாண்டுகளிலும் மேகம் அவர்களைவிட்டு விலகவில்லை என்று பிற்காலத்து நெகேமியா ஆகமம் நினைவுகூர்கின்றது. மன்னாவும் நிற்கவில்லை, உடையும் பழசாகவில்லை, காலும் வீங்கவில்லை. சீனாயிலே மோசே கேட்டுப் பெற்ற வரத்தின் விலை அப்போதுதான் தெரிந்தது. கூடவருவதாக ஒப்புக்கொண்டவர், குற்றவாளிகளோடு சேர்ந்து முப்பத்தெட்டு ஆண்டும் அலைந்தார்.

நாற்பதாம் ஆண்டளவில் மறுபடியும் காதேஸ். நாணலிடையே தம்பியைக் காவல் காத்தவளென மரபு கூறும் மிரியாம் அங்கே இறந்தாள். மறுபடியும் நீரில்லை, தந்தையர் பேசிய அதே பேச்சைப் பிள்ளைகளும் பேசினர். கன்மலையோடு பேசும்படி கட்டளை. மோசேயோ மக்களைக் கலகக்காரர் எனக் கடிந்து, தாமும் ஆரோனுமே நீர் புறப்படச் செய்யவேண்டுமோ என்று வினவி, கோலால் இருமுறை அடித்தார். நீர் வந்தது. ஆனால் அவ்விருவரும் கானானுக்குள் மக்களை அழைத்துச் செல்வதில்லை என்ற தீர்ப்பும் வந்தது. தமக்கையைப் புதைத்த துயரத்தில், நூற்றிருபது வயதை நெருங்கிய முதியவர் பொறுமையிழந்த ஒரு கணத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று உரையாசிரியர் பலரும் தடுமாறியுள்ளனர். அவர் சொன்ன சொல்லிலே கடவுளின் இடத்தில் தாங்கள் என்று வந்துவிட்டதே பிழை என்பாருண்டு. அது சரியாயிருக்கலாம். ஆயினும் படிக்கும்தோறும் மனம் மோசேயின் பக்கமே சாய்கின்றது.

ஓர் மலையிலே ஆரோனின் ஆசாரிய உடையைக் கழற்றி அவர் மகன் எலெயாசாருக்கு உடுத்தியபின், ஆரோன் அம்மலையிலேயே இறந்தார். மோவாபின் சமவெளியை அடைந்தபோது பழைய தலைமுறையில் எஞ்சியவர் மோசேயும் யோசுவாவும் காலேபும் மட்டுமே. யோர்தானுக்கு அப்பாலுள்ள நல்ல நாட்டைக் கடந்துபோய்ப் பார்க்கவாவது அனுமதி தரும்படி மோசே கேட்டார். இனி அதைப்பற்றிப் பேசவேண்டாம் என்று விடை கிடைத்தது. மக்களுக்காகக் கேட்டதையெல்லாம் பெற்றவர், தமக்கென்று கேட்ட இதனைப் பெறவில்லை. அதற்குமேல் அவர் தமக்காக மன்றாடவில்லை. மேய்ப்பனில்லாத ஆடுகளாக மக்கள் சிதறாதபடி ஒரு தலைவனைத் தரும்படி மட்டும் வேண்டி, யோசுவாவின்மேல் கைவைத்தார். இருவரும் ஆசரிப்புக் கூடாரத்தில் நின்றபோது மேகத்தூண் வாசலிலே வந்து நின்றது. மோசேயின் சரிதத்தில் மேகத்தைப் பற்றிய கடைசிச் செய்தி அதுவே.

பின்னர் அவர் நேபோ மலையில் ஏறினார். எரிகோவின் பேரீச்சந் தோப்புகளையும், அப்பால் மலைநாட்டையும், தெற்கே பாலைநிலத்தையும் கண்டார். வயது நூற்றிருபது, கண் மங்கவில்லை, பெலன் குன்றவில்லை. அங்கேயே இறந்தார். பெத்பெயோருக்கு எதிரே ஒரு பள்ளத்தாக்கிலே கடவுளே அவரை அடக்கம் பண்ணினார் என்பது ஆகமத்தின் கூற்று. கல்லறை எங்கேயென்று ஒருவரும் அறியார். எகிப்திய மன்னர்கள் தம் உடலுக்கென்று மலையைக் குடைந்துவைத்த காலத்திலே, எகிப்திய அரண்மனையில் வளர்ந்த இவருக்கு ஒரு கல்லும் நாட்டப்படவில்லை. முப்பது நாள் அழுதார்கள்.

அதன்பின் மக்கள் யோர்தானைக் கடந்த வரலாற்றிலே மேகம் பேசப்படவில்லை. உடன்படிக்கைப் பெட்டி முன்சென்றது. இரண்டாயிரம் முழம் இடைவெளிவிட்டு அதன் பின்னே நடக்கும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வழியாக அவர்களில் ஒருவரும் முன்பு நடந்ததில்லை. கில்காலிலே அந்நாட்டின் தானியத்தை அவர்கள் உண்ட மறுநாள் மன்னா நின்றுபோயிற்று.